சோதிக்காத நானூறு கார்டுகள்

தம்பியின் மெமரி கார்டு கம்பெனியில் அக்கா பணம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தத் தொகை. அவள் கணவர் சண்டை எதுவும் போடவில்லை. "நாம வாங்க வேண்டிய வீடு உன் தம்பிகிட்ட நகத்தளவுல இருக்கு. தும்மிடாத, பறந்துடும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

இரண்டு அறை, எட்டுப் பேர். அவ்வளவுதான் கம்பெனி. பெரிய கம்பெனிகள் நூற்றில் ஒரு கார்டை எடுத்துச் சோதிக்கும் என்பான் தம்பி. அவன் ஒவ்வொன்றையும் முழுக்க நிரப்பி, முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே பெட்டியில் போடுவான். கல்யாணப் படம் எடுப்பவர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தார்கள்.

ஆனால் கார்டுக்குள் வைக்கும் சிப்பை அந்தப் பெரிய கம்பெனிகளிடம்தான் வாங்க வேண்டும். இந்த வருஷம் அவர்கள் தங்கள் கார்டின் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். சிப்பின் விலையை ஏற்றினார்கள்.

ஒரு மதியம் அக்கா போனபோது மூன்று பேர்தான் இருந்தார்கள். நானூறு கார்டுகள் பெட்டிக்குள் ஏறிவிட்டிருந்தன. சோதிக்கும் மெஷின்மேல் கையை வைத்தாள். எப்போதும் காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுடும். அன்று சில்லென்று இருந்தது.

"டேய், மெஷின் ரிப்பேரா?"

"இல்லக்கா."

"அப்புறம் இதெல்லாம் எப்படிப் பெட்டிக்குள்ள போச்சு?"

தம்பி டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டே பேசினான். "அவங்க கழிச்சுப் போட்ட மலிவு சிப்புக்கா. சோதிச்சா நூத்துக்கு இருபது தேறாது. தூக்கிப் போட்டா கட்டுப்படியாகாது. பெரியவங்களோடதும்தான் கெட்டுப்போகுது, யாரு கேக்குறா?"

"அவங்களைக் கேக்க மாட்டாங்க. உன்னைக் கேப்பாங்க."

"இந்த ஆர்டர் போச்சுன்னா மூடிட்டுப் போக வேண்டியதுதான். உன் காசும் போயிடும். எனக்காகவா பண்றேன்? மாமா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

மூன்று வருஷத்தில் அவள் ஒரு நாளும் பணத்தைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காததே அவன் கழுத்தை நெரித்திருக்கிறது.

பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். எங்கோ யாருடைய கல்யாணமோ படமில்லாமல் போகும். அவள் காதுக்கு வராது. வீடு வாங்கலாம். அவள் ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பிரி" என்றாள்.

"அக்கா..."

"பிரிடா. என் காசுக்காகன்னா அந்தக் காசு எனக்கு வேணாம்."

மூன்று நாள் சோதித்தார்கள். எண்பத்தேழு தேறவில்லை. ஆர்டர் கொடுத்த கடைக்காரர் நானூறும் மொத்தமாக வேண்டும் என்றார், ஆர்டர் போயிற்று. மாசக் கடைசியில் கம்பெனியை மூடினார்கள். அதன்பின் தம்பி அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

பெரிய கம்பெனி ஒன்றின் ஷோரூமில் அவனுக்கு வேலை கிடைத்ததாக யாரோ சொன்னார்கள். அக்கா தேடிப் போனாள். கம்பெனியின் நீலச் சட்டையில், கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தான். இளைத்திருந்தான். பக்கத்திலேயே மேனேஜர்.

"சொல்லுங்க மேடம்" என்றான் தம்பி.

"கார்டு. நல்லதா ஒண்ணு."

"எல்லாமே நல்லதுதான் மேடம்."

"சாப்பிட்டியாடா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். தம்பி குனிந்து ஒரு கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"பில் அந்தப் பக்கம் மேடம்" என்றான்.