பார்க்கலாம் என்றால் எப்போது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியவில்லை. ஒருத்தன் கொஞ்சம் கோணலாக நடந்தால் போதும், அதற்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஓர் அறை, அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலி. அப்படி ஒரு நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். சாய்ந்தால் முதுகில் குத்தும், நிமிர்ந்தால் இடுப்பு பிடிக்கும். பக்கத்தில் என் சின்னவள் இருந்தாள். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டாள். இவள் முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று தீர்த்துச் சொன்னவள், பெரிய சலவைக் கம்பெனி ஒன்றில் துணி மடிக்கிறவள். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகள் அங்கே மலையாகக் குவியும். அந்த மலையை ஓரத்தோடு ஓரம் ஒட்டி மடித்து அடுக்குவது அவளுக்கு உயிர். காய்ச்சல் அடித்தாலும் லீவு போட மாட்டாள். அந்த வேலைதான் இப்போது போகிற மாதிரி இருந்தது.

சின்னவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கைகளைச் சிறகு மாதிரி உதறிக்கொண்டே இருப்பாள். திடீர்ச் சத்தம் ஆகாது. சொன்ன சொல்லுக்குச் சொன்ன அர்த்தம்தான் எடுத்துக்கொள்வாள். இதற்குப் பெயர் ஆட்டிசமாம். பெயர் தெரிந்தால் வியாதி குறையுமா என்றேன். இது வியாதியே இல்லை என்றார்கள். வியாதி இல்லை என்றால் ஆஸ்பத்திரி எதற்கு?

சலவைக் கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர், "கொஞ்சம் கவுன்சலிங் கொடுங்க பெரியவரே, நாலு பேரோட நாலு பேரா இருக்கட்டும்" என்றார். அதனால் முதலில் டை கட்டிய ஒருத்தரிடம் கூட்டிப்போனேன். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை மடியில் வை, சிரி. செய்தால் சின்னப் பிள்ளைக்கு ஒட்டுவது போல நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவார். சின்னவளும் படித்தாள், கண்ணைப் பார்த்தாள், சிரித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வீட்டுக்கு வந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். பேச்சு இல்லை. "புள்ளைய நல்லா பண்றேன்னு பொணமாக்கித் தரப்போறாரு" என்றாள் என் மனைவி. ஒரு நாள் கம்பெனியில், கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு மேனேஜர் கண்ணையே பார்த்தபடி நின்றிருக்கிறாள். அப்போது பார்த்து, துணி காய்ந்துவிட்டது என்று மெஷின் ஊளையிட்டது. அவ்வளவுதான். மடித்த அடுக்குகளைத் தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். "சரியானதும் வரட்டும்" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

சரியாவது என்றால் என்ன? அதைக் கேட்கத்தான் இந்த இரண்டாவது இடத்துக்கு வந்தோம். இங்கே இருந்தது ஓர் அம்மா. நரைத்த முடி, தேய்ந்த செருப்பு. உள்ளே போனதுமே எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றவன் நான் நிற்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே சின்னவளிடம், "இந்த லைட்டு உறுத்துதா? அணைக்கட்டுமா?" என்று கேட்டார். "ஙொய்ங்குது" என்றாள் சின்னவள். அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். எதிரே உட்காராமல் பக்கவாட்டில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். சின்னவள் பையில் நாலைந்து துவாலை எடுத்து வந்திருந்தாள். எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "மடிச்சுக்கிட்டே பேசலாம். பேசாமலும் மடிக்கலாம்" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஆளை மாத்திக் குடுங்க. அதுக்குத்தான் வந்தோம்" என்றேன்.

"ஆளை மாத்தறது என் வேலை இல்லைங்கய்யா."

"பின்ன உங்க வேலைதான் என்ன?"

"அதை அவங்கதான் சொல்லணும்" என்று சின்னவளைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அவள் கையில் இருந்த துவாலையைப் பார்த்தார். அதை மடித்து வைத்துவிட்டு, "நான் வேலைக்குப் போகணும். நானாவே போகணும்" என்றாள் சின்னவள். "சரி, அதுதான் நம்ம வேலை" என்றார் அந்த அம்மா. நான் கட்டுமானத்தில் கிரேன் ஓட்டினவன். கீழே நிற்பவன் கை காட்டினால் பளு ஏறும், இறங்கும். இங்கே யார் கை காட்டுகிறார்கள், யார் தூக்குகிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை.

வாரம் ஒரு முறை போனோம். போகும்போது முறைத்த முகமும் வரும்போது முறைத்த முகமுமாக இருந்தவள், கட்டிலுக்கடியில் போவதை விட்டாள். என் மனைவியைத் திட்டவும் ஆரம்பித்தாள். மனைவிக்கு அதில் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மழைக்காலம் முடிந்தால் தானாக வெயில் அடிக்கும், அதற்குக் குடைக்காரனையா கும்பிடுவது?

பிறகு அந்த நாள். பேசி முடித்ததும் அந்த அம்மாவுக்கு ஏதோ அவசர போன். "சரிம்மா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சின்னவளுக்காக வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் நாற்காலியில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்திரி, போகலாம்."

"வரேன்னாங்க. வரட்டும்."

"அடியே, போறவங்க எல்லாரும் வரேன்னுதான் சொல்லுவாங்க!"

"அப்ப எல்லாரும் பொய் சொல்றாங்களா?"

வரவேற்பில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண்ணே போன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பாதித் தூரம் போன அம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். வந்து, 'வரேன்' என்றால் 'போறேன்' என்று அர்த்தம் என விளக்கப்போகிறார், நட்சத்திரம் ஒட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பு என்னோடது. நான் போறேன்னு சொல்லியிருக்கணும். இனிமே சொல்றேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "அய்யய்யோ, போறேன்னு சொல்லாதீங்கம்மா! அது அவச்சொல். வாய் தவறிக்கூட யாரும் சொல்ல மாட்டாங்க."

"வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா, காத்திட்டிருக்கிறவங்களுக்கு அதுதாங்கய்யா அவச்சொல்."

சின்னவள் துவாலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, "அக்காவும் வரேன்னுதான் சொன்னா" என்றாள்.

மூத்தவள் கல்யாணமாகிப் போனபோது இவள் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். புத்தி இன்னும் பிசகிவிட்டது என்று அழுதோம், டாக்டரிடம் காட்டினோம், மாத்திரைகூடக் கொடுத்தார்கள். அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சொன்ன வாக்கை நம்பி. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் தூசி அதிகம்.

அடுத்த வாரம் மேனேஜரைப் பார்க்கப் போவது என்று முடிவானது. இந்த முறை இல்லை என்றால் இல்லைதான், வேறு ஆள் போட்டுவிடுவார்கள். "நான் கூட வரணுமா?" என்று அந்த அம்மா சின்னவளிடம் கேட்டார்.

"வாங்க. பேசாதீங்க."

"சரி. அப்பா?"

"அப்பா வரலாம். வாயை மூடிக்கணும்."

பெற்ற பெண் சொல்கிறாள். அந்த அம்மா சிரிக்கக்கூட இல்லை, ஏதோ கோர்ட்டு உத்தரவு மாதிரி தலையாட்டிக்கொண்டார்.

மேனேஜர் அறை கண்ணாடித் தடுப்பு போட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் வயிறு கலங்கி உறுமுகின்றன. மடிக்கும் பெண்கள் கை ஓடினாலும் கண் இங்கேதான். மேனேஜர் கெட்டவர் இல்லை, நல்ல மாதிரியாகப் பேசியே காரியத்தைக் கெடுக்கிற வகை. சின்னவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு தங்கமான பொண்ணு பெரியவரே. ஆனா பாருங்க..." என்று இழுத்தார். எனக்கு வாயில் பதில் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசேன் அம்மா, இதற்குத்தானே படித்தாய் என்று உள்ளுக்குள் கத்தினேன். மின்விசிறி ஓடியது. சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள், கை உதறத் தொடங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

"நான் காதுக்கு மூடி போட்டுக்குவேன்" என்றாள் சுவரிடம். "கைய ஆட்டுவேன். உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன். மூஞ்சியப் பாத்தா நீங்க சொல்றது காதுல விழாது. அன்னைக்குப் பாத்தேன், அதான் விழுந்தேன். வேலைய மாத்தறதா இருந்தா முந்தின நாளே சொல்லணும்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளை நேராகப் பார்த்துப் பேசியது அப்போதுதான். "காதை மூடிக்கிட்டா பின்னாடி தள்ளுவண்டி வர்றது தெரியாதேம்மா. இடிச்சிட்டா?"

நியாயமான கேள்விதான். அந்த அம்மா இப்போதும் வாயைத் திறக்கவில்லை. முட்டியின் மேல் இருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"சுவரோரம் ஒரு மேசை கிடக்கு. அழுக்குக் கூடை வெச்சிருக்கீங்க. கூடைய எடுத்திட்டு எனக்குக் குடுங்க. நான் சுவருக்கு முதுகு காட்டி நிப்பேன். பின்னாடி யாரும் வர முடியாது."

மேனேஜர் கண்ணாடி வழியே அந்த மேசையைப் பார்த்தார். தாடையைத் தடவினார். பிறகு உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சரிம்மா. பார்க்கலாம்" என்றார்.

முடிந்தது. பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? பெண் பார்க்க வந்தவன் சொல்லுவான், கடன் கேட்ட இடத்தில் சொல்லுவார்கள். பார்க்கலாம் என்றால் கிடையாது, நடையைக் கட்டு. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். சின்னவள் நகரவில்லை.

"எப்ப பாக்கலாம்?"

மேனேஜர் விழித்தார். "அது... மேலே பேசிட்டுச் சொல்றேன்."

"மேலேன்னா யாரு?"

"மேலேன்னா... ஆள் போடறது, எடுக்கறதெல்லாம்..." அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எங்கும் உதவி இல்லை. "நான்தான்."

"அப்ப உங்ககிட்ட நீங்க பேசிட்டீங்களா?"

கேலி இல்லை. பேசிவிட்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மடித்துக்கொண்டிருந்த விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. பிறகு மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முன்பு வரவழைத்த சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்தது.

"பேசிட்டேம்மா. இப்பத்தான் பேசி முடிச்சேன். திங்கக்கிழமை வா."

"எத்தனை மணிக்கு?"

"எப்பவும் போல."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எப்பவும் ஏழு. நீங்க வந்தப்புறம் எப்பவும் ஆறரை."

"ஆறரை! ஆறரை மணிக்கு. சுவரோர மேசை. கூடைய நானே எடுத்து வெக்கிறேன், போதுமா?"

"போதும்" என்றாள் சின்னவள். "நான் போறேன்."

போனாள். அவள் கதவைத் தாண்டியதும் மடிக்கும் பெண்கள் கத்திய கத்தலில் மெஷின் சத்தமே அமுங்கிப்போயிற்று. ஒருத்தி தலையணை உறையைச் சுழற்றி மேலே வீசினாள். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நின்று, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வாசலுக்கு வந்ததும் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை வாரம் வந்தோம். இன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை பேசினீங்களா? எல்லாம் என் பொண்ணு பேசினா. இதுக்குப் பேரு வைத்தியமா?"

"இல்லைங்கய்யா" என்றார். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் தண்ணீர், ஒரே சிரிப்பு. "ஆனா பேசாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இன்னைக்கு உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே. நல்லா அடக்கிட்டு இருந்தீங்க. ஒரு நாள் நீங்களும் வாங்களேன், சும்மா உக்காந்து பேசலாம்."

"எனக்கென்ன கேடு?"

என்னமோ படித்திருக்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். என் பெண்ணுக்கு வாய் இருந்தது, பேசினாள். மரத்துக்கடியில் நின்றவன் எல்லாம் நான்தான் பழுக்கவைத்தேன் என்பானா? அந்த அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். சலவைக் கம்பெனியின் பக்கச்சுவரில் ஒரு தடித்த குழாய் வழியே வெள்ளை ஆவி தெருவுக்குக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி எதிர்ப்பக்கம் மாறிப் போனார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த சின்னவள் மாறவில்லை. நேராக அதற்குள் நுழைந்தாள். கால் மறைந்தது, தலை மறைந்தது, உள்ளேயிருந்து அவள் உரக்கப் பாடுவது மட்டும் கேட்டது. நான் முணுமுணுத்துக்கொண்டே தெருவைக் கடந்து, ஆவியைச் சுற்றிக்கொண்டு போனேன்.