வாய்க்கால் கரைப் புல்

ஒரு செடி ஏன் ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது? ஒடீலை வாழ்நாள் முழுக்க ஓடவைத்த கேள்வி இதுதான். பிரான்சின் தெற்கே ஒரு மலையூரில் பிறந்தவள். கஷ்கொட்டை மரங்கள் ஓர் உயரத்துக்கு மேல் ஏற மறுப்பதைச் சிறுமியாகப் பார்த்தபோதே அது அவளைப் பிடித்துக்கொண்டது. தாவரவியல் படித்துப் புதுச்சேரிக்கு வேலைக்கு வந்தாள். ஆனைமலைக் காடுகளில் அலைந்து, எந்த மரம் எதுவரை வளர்கிறது என்று வரைபடம் வரைவதிலேயே இளமை போயிற்று. ஓய்வுபெற்ற பின்னும் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஹூஸ்டனிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டாள்.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில்தான் அந்த இடம் அகப்பட்டது. சுற்றிலும் நெல்வயல்களாக இருந்து வீடுகளாகிவிட்ட நிலம். வாய்க்கால் கரையில் மட்டும் ஏர் படாத ஒரு துண்டு தப்பியிருந்தது. பழைய புல்வெளியின் செடிகள் அங்கே இன்னும் உயிரோடிருந்தன. ஆனால் அவை பூக்கும் முன்பே குடியிருப்புச் சங்கத்தின் இயந்திரம் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும்.

சங்கத் தலைவர் சேனாபதி, எண்ணெய் நிறுவனத்தில் இன்ஜினியர். ஒடீல் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்.

"வசந்தா, இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையாட்ட இருக்குது. புல்லைக் காப்பாத்தோணுமாம்."

"அதேதானுங்க என்ற வேலை," என்றாள் ஒடீல்.

வசந்தாமணி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"எங்கூருப் பேச்சல்லங்க இது? எங்க கத்துக்கிட்டீங்க?"

"வால்பாறையிலதானுங்க. ஜீப் டிரைவர் பொள்ளாச்சிக்காரர். அவருக்கு வேற பாஷை வராது. எனக்குக் காட்டுல வழி தெரியாது."

அப்புறமென்ன, காபி வந்தது, கூடவே முறுக்கும் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் சேனாபதி. "புல்லை வளர விட்டா பாம்பு வரும்னு எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க."

"ஒரு சீசன் விட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா வெட்டிருங்க."

சங்கக் கூட்டத்தில் சேனாபதி புல்லுக்காக வாதாடிய அழகைப் பார்த்து வசந்தாமணிக்கே சிரிப்பு தாங்கவில்லை. எப்படியோ சம்மதம் கிடைத்தது.

அக்டோபரில் கரை முழுக்க ஊதாக் கதிர்கள் நிமிர்ந்தன. தெற்கே போகிற வழியில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கின. பாம்புக்குப் பயந்தவர்களே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். புல்லுக்குள் முட்டி போட்டுச் செடிகளை அளந்துகொண்டிருந்த ஒடீலுக்கு, ஆனைமலையில் முதல் வரைபடம் முடித்த நாளைவிட மனம் நிறைந்திருந்தது.

புதுச்சேரிக்குத் திரும்பும் பயணத்தை அவள் தள்ளிப்போட்டாள். விதைகள் முற்றிக்கொண்டிருந்தன. அடுத்த குடியிருப்பின் கரையிலும் அவற்றைத் தூவ வேண்டுமென்று, அங்குள்ள தலைவருக்கு வசந்தாமணி ஏற்கெனவே போன் பண்ணிவிட்டிருந்தாள்.