பின்னால் போகாத வண்டி

1974 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை.
தவறு: லேத்தில் தறித் தண்டை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதிகமாகச் சீவிவிட்டேன். தண்டு வீண். காரணம்: அளந்ததை மறுபடி அளக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே காசிராஜன் இதை நோட்டில் எழுதிவிட்டான். அருப்புக்கோட்டையில் பகலெல்லாம் லேத் பட்டறை வேலை, சாயங்காலம் ஆறரைக்கு இயந்திர வரைபட வகுப்பு என்று இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது அவன் பிழைப்பு. அன்றன்று செய்த தவறு, அதன் காரணம், மறுநாள் செய்ய வேண்டிய வேலை மூன்றையும் எழுதி வரச் சொல்லியிருந்தார் வகுப்பு வாத்தியார். மற்றவர்கள் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துத் தவறுகளையும் மொத்தமாகக் கற்பனை செய்து எழுதினார்கள். காசிராஜனுக்கு அது முடியாது. ஒரு நாள் தவறே நடக்காவிட்டால்கூட அவனுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். நடந்தது தன் கண்ணில் படவில்லையோ என்று.

நாலு மணி வாக்கில் கருத்தம்மாள் பட்டறைக்குள் வந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே அவள் ஊர். சித்திரை மாதம் அவள் புருஷன் நல்லகண்ணுவுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை மூன்று சக்கர வண்டியாக மாற்றிக் கொடுத்திருந்தது இந்தப் பட்டறைதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காராமலே சொன்னாள்.

"அண்ணாச்சி, அந்த வண்டிய யாருக்காச்சும் வித்துக் குடுத்துருங்க."

பட்டறை முதலாளி சங்கரலிங்கம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஏன் தாயி, இஞ்சினு மக்கர் பண்ணுதா?"

"இஞ்சினுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. இவுக ஏற மாட்டேங்காக. மாசம் ஒண்ணாச்சு."

"என்னவாம்?"

"அத இவுக வாயாலயே கேட்டுக்கிடுங்க. எனக்குச் சொல்ல ஏலாது."

சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தார். "ஏலே காசி, படம் போட்டவன் நீதான? கூடப் போயி என்னன்னு பாத்துட்டு வா. ஒரு நாளு கிளாசுக்குப் போகலன்னா ஒண்ணும் குடி முழுகிறாது."

பஸ்ஸில் கருத்தம்மாள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். காசிராஜன் கடைசி சீட்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தான். உழுது போட்ட கரிசல் மழையை எதிர்பார்த்துக் காய்ந்து கிடந்தது. என்னவென்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்து நாலு மாதமாகிறது.

நல்லகண்ணு முன்பெல்லாம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மல்லியும் வத்தலும் வாங்கி டவுனுக்கு ஏற்றி அனுப்புகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் லோடு லாரியின் மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்புறம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். யாரோ சொல்லி, பட்டாளத்துக்காரர் ஒருவர் விற்ற பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் பட்டறைக்கு அனுப்பினார். பெட்ரோல் டாங்கிப் பக்கத்தில் கையால் போடுகிற கியர் உள்ள வண்டி. காசிராஜன் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, இடுப்பிலிருந்து முட்டி வரை என்று பதினோரு அளவு எடுத்தான். உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற இடத்தில் நீளக் குழாயைப் பற்றவைத்து, கையால் இழுத்தே இஞ்சினைக் கிளப்புகிற மாதிரி செய்தது அவனுடைய யோசனை. பிரேக்கும் கைக்கே வந்தது. எல்லோரும் மெச்சினார்கள். அப்போதுதான் நல்லகண்ணு கேட்டார்.

"தம்பி, இது பின்னால போகுமா?"

"நீரு என்ன ரயிலா ஓட்டப் போறீரு?" என்றார் சங்கரலிங்கம். பட்டறையே சிரித்தது.

காசிராஜன் அதை யோசிக்காமல் இல்லை. மூன்று நாளாக அதைத்தான் வரைந்துகொண்டிருந்தான். இரண்டு பல்சக்கரம் சேர்ந்தால் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றும். நடுவில் மூன்றாவது வந்தால் மறுபடி அதே பக்கம். அதுவரை சரி. அதற்குமேல் செயின் வந்து சேர்ந்ததும் எது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குழம்பிவிடும். நாலு தாளைக் கிழித்துப் போட்டான். வாத்தியாரிடம் கேட்கலாம்தான். இவ்வளவு நாள் படித்தும் இது தெரியவில்லையா என்று நினைத்துவிட்டால்? அதனால், "அது வேண்டியதில்லண்ணே. மூணு சக்கரம், லேசாத்தான் இருக்கும். எறங்கி ஒரு தள்ளு தள்ளுனா போயிரும்" என்று சொல்லிவிட்டான்.

நல்லகண்ணு அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் சரி" என்றார்.

வண்டி முடிந்த அன்று இரண்டு பேர் அவரைத் தூக்கி சீட்டில் வைத்தார்கள். அப்போதுதான் தான் சொன்ன வார்த்தை காசிராஜனுக்கு உறைத்தது. எறங்கி. அதற்குள் அவர் குழாயை இழுத்துவிட்டார், இஞ்சின் பிடித்துக்கொண்டது, எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். அன்றைய நோட்டில், 'தவறு: பென்சில் மழுங்கி, கோடு தடித்துவிட்டது' என்று எழுதினான்.

அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்லகண்ணு உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புளியம்பழத்தில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். காசிராஜனைக் கண்டதும், "வாங்க எஞ்சினீரு" என்று சிரித்தார். வண்டி வெளியே வேலியோரம் நின்றது. சீட்டின் மேல் கருத்தம்மாளின் துவைத்த சேலை காய்ந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மூணு மாசம் ராசா கணக்காச் சுத்துனேன். இருபது ஊரு. ஏறி உக்காந்துட்டா எவன் கையையும் எதிர்பாக்கல." கொட்டையை எடுத்துத் தனியே போட்டார். "ஆனி மாசக் கடைசி. பெரிய கம்மாய்க் கரை மேல போறேன். ஒத்த வண்டி அகலம். ரெண்டு பக்கமும் சரிவு. பாதிக் கரை போயிட்டேன், எதுத்தாப்புல கொட்டுச் சத்தம். பொணம் வருது."

காசிராஜன் வெளியே நின்ற வண்டியை எட்டிப் பார்த்தான்.

"எடுத்த பாடைய நடுவுல எறக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. ஒதுங்க எடம் இல்ல. எனக்கு எறங்கவும் ஏலாது. என்ன செய்வாக? கொள்ளிச்சட்டிக்காரனப் பின்னால விட்டுட்டு, நாலு பேரு முன்ன வந்து வண்டியப் பின்னாலயே தள்ளுனாக. நான் இடுப்பத் திருப்பிப் பின்னால பாக்க முடியுமா? முடியாது. நான் பாடையப் பாத்துக்கிட்டே போறேன், அது என்னப் பாத்துக்கிட்டே வருது. பொரி எறைக்கிறாக, என் மடியில விழுது. நெத்தியில ஒட்டியிருந்த காசு வெயில்ல மின்னுச்சு, தம்பி. ரெண்டு பர்லாங்கு."

கருத்தம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலோரம் நின்றாள்.

"அதுல ஒரு எடுபட்ட பய," என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். "மந்திரிக்கு முன்னால பைலட்டு வண்டி போகும்ல, அப்பிடி நம்ம நல்லகண்ணு போறாருன்னான். எழவு வீட்டுக்காரனே சிரிச்சிட்டான்னா பாத்துக்கோ. இப்ப எந்த ஊருக்குப் போனாலும் பைலட்டு வாராருன்னுதான் பேரு. வத்தல் போட வாரவன்கூட மொதல்ல அதச் சொல்லிட்டுத்தான் வெலை பேசுதான். நமக்கு எதுக்கு?"

"பின் கியர் போட்டுருவோம்ணே," என்றான் காசிராஜன்.

"அன்னைக்கே கேட்டேன்ல தம்பி. வேண்டியதில்லன்னீக."

"வேண்டியதுதான்ணே. எனக்கு அத வரையத் தெரியல. அதனாலதான் அப்பிடிச் சொன்னேன்."

நல்லகண்ணுவின் கை நின்றது. புளியின் பிசுக்கு விரல்களில் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் எறங்க ஏலாதவன்கிறதே இந்தப் பயலுக்கு மறந்துபோச்சு போல, மத்த ஆளு மாதிரி நெனச்சுப் பேசுதான்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு. அதக் கெடுக்க வேணாம்னுதான் நானும் வாயத் தொறக்கல." மறுபடி ஒரு புளியை எடுத்தார். "தெரியலன்னு சொல்லியிருந்தா, ஆறு மாசம்னாலும் காத்திருந்திருப்பேன்லே."

பின் கியரைப் பற்றி அவர் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காசிராஜன் எழுந்தபோது கருத்தம்மாள் வேலிப் பக்கம் போய், வண்டியின் மேல் கிடந்த சேலையை உருவி மடித்தாள். சீட்டில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, மடித்த சேலையை மறுபடி விரித்து அதன் மேலேயே போட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. காசிராஜன் மைல் கல்லில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். மத்தியானம் எழுதிய தறித் தண்டுக்குக் கீழே, சித்திரை மாதத் தேதியைப் போட்டு, 'தவறு: பின் கியர் வேண்டியதில்லை என்றேன்' என்று எழுதினான். காரணம் என்ற இடத்தில் இரண்டு வார்த்தை எழுதினான்: எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸின் விளக்கு தூரத்தில் ஒரு மேட்டில் ஏறி, பள்ளத்தில் மறைந்தது. அது மறுபடி தெரிவதற்குள் கடைசி வரிகளையும் எழுதினான்.

நாளை: காலை ஐந்தேகால் பஸ், மதுரை. பழைய இரும்புக் கடைகளில் பின் கியர் உள்ள கியர்பெட்டி ஒன்று தேட வேண்டும். அங்கேயே திறந்து, பல்சக்கரங்களை எண்ணி, கையால் சுற்றி, எது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வரைய வேண்டும்.