தோற்பதற்கென்று வார்த்தது

எங்கள் ஆலையில் என் பிரிவின் வேலை, மெக்னீசியத்தைச் சூட்டில் தளராமல் நிற்க வைப்பது. எடை குறைந்த உலோகம்தான். ஆனால் கியர்பாக்ஸ் மூடியாக வார்த்து எஞ்சினில் மாட்டினால், சூடு ஏற ஏற மெல்ல நீண்டு போல்ட்டெல்லாம் தளர்ந்துவிடும். அதைத் தடுக்க வேறு உலோகங்களைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். எனக்குத் துளி என்பதே கைவராது. அள்ளிப் போடுவேன், வார்ப்பு அச்சுக்குள்ளேயே விரிசல் விடும்.

இந்த முறையும் எதுவும் தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். என்னை நம்பி வந்த ஊழியர்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சோதனைக்கூடப் பொறுப்பாளர் என் மனைவி. வீட்டில் எவ்வளவு குழைந்தும் பயனில்லை. நான் வார்த்துக் கொடுக்கும் சோதனைக் கட்டைகளை எண் மட்டும் போட்டு வாங்கிக்கொள்வாள். எதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட மாட்டாள்.

என் மேதாவிக் கலவைகளை வார்த்து முடித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் சேர்க்காத கட்டை ஒன்றும் தேவை. தோற்பதற்கென்றே வார்ப்பது. அதற்குப் போய் யார் உருக்கும் மூசையைச் சுரண்டிக் கழுவுவது? கால்சியம் கலவையை உருக்கிய பாத்திரத்திலேயே, வெறும் மெக்னீசியத்தை, அடியில் ஒட்டியிருந்ததோடு சேர்த்து உருக்கி ஊற்றினேன்.

முடிவு வந்த அன்று முதலாளியும் கூடத்துக்கு வந்தார். என் மேதாவிகள் வரிசையாக ஊற்றிக்கொண்டன. ஒரே ஒரு கட்டை மட்டும் சூட்டுக்கும் சுமைக்கும் கல்லுளிமங்கனாக நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணைப் பார்த்தேன். தோற்பதற்கென்று வார்த்தது.

இதில் என்ன சேர்த்தாய் என்று முதலாளி பூரித்துப்போய்க் கேட்டார். நெடுநாள் ஆராய்ச்சி என்று அளக்க நாக்கு துடித்தது. ஆனால் செய்முறையை எழுத மனைவி பேனாவோடு நின்றாள். நான் பொய் சொன்னால் அடுத்த வார்ப்பு காலை வாரிவிடும்.

“பாத்திரத்தைக் கழுவலை,” என்றேன்.

பகுப்பாய்வில் கால்சியம் தெரிந்தது, நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. உலோகத்துக்குள் இருக்கும் நுண்மணிகளின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, இழுபடாமல் பிடித்துக்கொள்ள அதுவே போதுமாம். பிரிவு இருக்கட்டும் என்றார் முதலாளி. நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: “இத்தனை வருஷமா நீங்க யோசிச்சுப் போட்டது ஒண்ணுமே நிக்கல. யோசிக்காம விட்டது நின்னுடுச்சு. அடுத்த வார்ப்பு அன்னிக்கு நீங்க லீவு போட்டுடுங்க.”

போட்டேன். அருமையாக வந்திருப்பதாக ஊழியர்கள் போன் செய்தார்கள்.