நனையாத சட்டை

கார் நுழையாத காட்டுப்பாதையில் சைக்கிள் மிதித்து ஏறியவர்களின் அட்டையில் மலையுச்சி ரொட்டிக்கடைக்காரி சோலாஞ்ச் முத்திரை குத்துவாள். எங்கள் சைக்கிள் சங்கத்து வழக்கம் அது. அன்று முதல் ஆளாகக் கிளம்பினேன். அடிவாரத்திலேயே மழை பிடித்தது. மச்சானை அழைத்து, அவன் வேனில் சைக்கிளை ஏற்றி, பெரிய சாலை வழியாக உச்சியில் வந்து இறங்கினேன்.

"மழை உங்கள மட்டும் விட்டுடுச்சா?" என்றபடி சோலாஞ்ச் முத்திரை குத்தினாள். வெட்கங்கெட்டவன், இளித்தேன்.

அரைமணி கழித்து எங்கள் சங்கத்து எழுபது வயது ஆந்தெல்ம் சேறும் தண்ணியுமாக வந்து சேர்ந்தார். மூச்சிரைக்க என் தோளில் கைபோட்டார். அவர் கைபட்டுத்தான் என் சட்டை நனைந்தது.

"நாலு தடவ திரும்பிடலாம்னு பாத்தேன், தம்பி. நீ முன்னாடி மிதிச்சுக்கிட்டுப் போறியேன்னுதான் இறங்காம ஏறுனேன்."