செப்புத் தகட்டின் எடை

1.
தங்கை கேட்டது கதையல்ல, ஒரு கடிதம். "அண்ணா, லெட்டர் எழுதுறதுல நீதான் கெட்டிக்காரன். எங்க லேப் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு. மூணு மணிக்குள்ள வேணும்" என்றாள். தேதி, பொருள், பார்வை என்று முறையாகத் தொடங்கினேன். 'பொருள்' என்ற இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. அப்படித்தான் இது கதையாயிற்று.

2.
முதல் தொடக்கம்: உலகையே மாற்றப்போகும் ஒரு பேட்டரியை அவள்…
(அடித்துவிட்டேன். படித்தால் அவளே சிரிப்பாள்.)

இரண்டாவது: லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனையில் வழக்கமாகக் கிராஃபைட் பூசுவார்கள். அவள் அதில் சிலிக்கான் கலந்தாள். அதே எடையில் நாற்பது சதவீதம் கூடுதல் மின்சாரம் தேங்கியது. அந்த எண்ணை நம்பித்தான் அவள் வேலையை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். இன்று மூன்று மணிக்குத் தலைவர் அதை ஊரறிய அறிவிக்கிறார்.

3.
பூச்சைத் தனியே நிறுக்க முடியாது. செப்புத் தகட்டோடு நிறுத்து, தகட்டின் எடையைக் கழிப்பார்கள். இன்று காலை ஏதோ தோன்றி, வெறும் தகட்டைத் தராசில் வைத்தாள். பதினான்கு மில்லிகிராம் சொச்சம். இத்தனை நாளும் அவள் கழித்தது கிட்டத்தட்டப் பதினாறு.

தகட்டில் பூச்சு வேலை பார்ப்பவருக்கு அங்கே 'கொத்தனார்' என்று பட்டப்பெயர். அவரிடம் ஓடினாள்.

"கொத்தனாரே, தகடு எப்ப மாத்தினீங்க?"

"ரெண்டு மாசமாச்சு. பழைய சுருள் தீந்துபோச்சு, இது கொஞ்சம் மெல்லிசு. ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்கிட்ட சொல்லவேயில்லையே!"

"நோட்டுல எழுதி வச்சேனே. பாக்கலையா?"

பார்க்கவில்லை. கழித்தது அதிகம், பூச்சு குறைவாகத் தெரிந்தது, அந்தக் குறைந்த எடைக்கு மின்சாரம் கூடுதலாகத் தெரிந்தது; நாற்பது சதவீதமும் அங்கே முளைத்ததுதான்.
(இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். அழவில்லையாம். நகத்தைக் கடித்தாளாம்.)

4.
முடிவு அ: அவளும் சேர்ந்து கைதட்டுகிறாள். ஆறு மாதம் கழித்து வேறு யாரோ அதைச் செய்து பார்த்து…
முடிவு ஆ: கடிதம் போகிறது. வேலையும்…

மணி இரண்டு நாற்பது. போன் அடிக்கிறது.

"எழுதிட்டியா?"

"ஒரு வரிதான் பாக்கி. 'முன்னறிவிப்பின்றித் தகடு மாற்றப்பட்டதால்'னு போட்டா நீ தப்பிச்சிடுவ."

"அவர் நோட்டுல எழுதியிருக்காரே."

"அதை யாரு படிக்கப்போறா?"

"படிக்காததாலதாண்ணா இந்தக் கதி" என்று வைத்துவிட்டாள்.

5.
கடிதம் இவ்வளவுதான்: "மதிப்பிற்குரிய ஐயா, நாற்பது சதவீதம் என்பது தவறு. அதற்குக் காரணம்"

இதற்கு மேல் என் கை ஓடவில்லை. அவள் என் தங்கை. உங்களுக்கு அவள் யாருமில்லை. கொத்தனாரும் யாருமில்லை. அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். பதினைந்து நிமிடம் இருக்கிறது.