அளவெடுக்க வருகிறார்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. பின்னிருக்கையில் ஒரு குரல் போனில் சொல்லிக்கொண்டிருந்தது: "அக்கா, நாளைக்குக் கடைக்கு அளவெடுக்க வர்றாராம். எல்லாருக்கும் புதுச் சட்டையாம்."

புதுச் சட்டைக்கு யாராவது இப்படி நடுங்குவார்களா? நான் திரும்பவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். மீதியை நானே கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்—

(இல்லை.)

இரண்டாவது: அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். உடம்பைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்ள மருந்து எடுக்கத் தொடங்கி ஓராண்டு. வீட்டில் அக்காவுக்கு அவள் 'டீ'. கடைக்கு இன்னும் 'டா'. வேலை நிரந்தரமானதும் முதலாளியிடம் சொல்வதாக இருந்தாள். அதற்குள் தெரிந்தால் அனுப்பிவிடுவார் என்று பயம்.

உடம்பு அதுவரை காத்திருக்கவில்லை. மார்பு வளர்ந்துவிட்டது. ஃபிரேம் தட்டை நெஞ்சோடு அணைத்தபடியே நடக்கிறாள். வாடிக்கையாளரின் காதோரம் கண்ணாடியைச் சரிசெய்யும்போது தோளைக் குறுக்கிக்கொள்கிறாள். ஏசி ஓடாத நாளிலும் தொளதொள கோட்டு. "உனக்கு மட்டும் என்னடா தனிக் குளிர்காலம்?" என்பார் கேஷியர்.

3

அக்கா லீவு போடச் சொன்னாள்.

"போட்டா இன்னொரு நாள் எனக்கு மட்டும் எடுப்பாங்க. மொத்தக் கடையும் வேடிக்கை பார்க்கும்."

"அப்ப இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போ. மயக்கம் கியக்கம் போட்டு விழுந்துடாதடீ."

4

தையல்காரர்தான் எனக்கு இடறுகிறார். 'அவர் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே டேப்பை—' என்று எழுதி நிறுத்தினேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்தார்? அளவை ஊருக்கே கேட்கும்படி கத்தும் பழக்கம் ஒன்றுதான். அவளுக்கு அதுவே போதும்.

5

அளவுகளைக் கேஷியர் எழுதினார். தோள், கை என்று ஒவ்வொன்றாகக் கத்தினார் தையல்காரர். டேப் நெஞ்சைச் சுற்றி வந்தது. சட்டைக்குள் இறுக்கிய துணிக்கட்டின் முடிச்சு அவர் விரலில் பட்டது.

கத்தல் நின்றது.

"மூச்சு விடுங்க, தம்பி," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அடக்கிப் பிடிச்சா சட்டை தப்பா வரும்."

விட்டாள். டேப் நெகிழ்ந்தது.

"மார்பு எவ்ளோண்ணே?" என்றார் கேஷியர்.

"இருங்க, டேப்பு முறுக்கிக்கிச்சு." பிறகு, இன்னும் தணிந்த குரலில்: "பட்டன் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

(ஆண் சட்டைக்குப் பட்டன் வலப்பக்கம், பெண் சட்டைக்கு இடப்பக்கம். அதுவரை வாய்க்கு வாய் 'தம்பி' என்றவர், இந்தக் கேள்வியில் அதைச் சேர்க்கவில்லை.)

6

'வலது' என்று சொல்லவைத்தேன். வேலை பிழைத்தது, ஆனால் தினமும் காலையில் அந்தச் சட்டைக்குள் கை நுழைக்கும்போது அவள் பேச்சே எனக்குக் கேட்கவில்லை. அடித்தேன்.

'இடது' என்று சொல்லவைத்தேன். கேஷியர் பக்கம் ஏதோ சத்தம். சிரிப்பா, நாற்காலி நகர்ந்ததா, தெரியவில்லை. அதையும் அடித்தேன்.

இரண்டும் என் குரலாகவே இருந்தன.

கேஷியர் மறுபடி கேட்கிறார். தையல்காரர் டேப்பை எடுக்காமல் நிற்கிறார். அவள் வாய் திறக்கிறாள். என்னைவிட நீங்கள்தான் இப்போது அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன சொன்னாள்?